ஒற்றைக்காலுடன் மீண்டும் மலையேறிய ஜெப்ரி வின்த்ரொப் யங்

மலையேறுவோரின் வரலாறு பெரும்பாலும் சிகரங்களின் பெயர்களைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தச் சிகரத்தை யார் முதலில் அடைந்தார், எந்த ஆண்டில் அடைந்தார் என்பனவே அவ்வரலாற்றில் முதன்மை பெறுகின்றன. 1865 இல் எட்வேர்ட் விம்பர் குழுவினர் மெட்டர்ஹோர்ன் உச்சியை அடைந்தமையும் 1953 இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட்டின் உச்சியில் நின்றமையும் பலரும் அறிந்த செய்திகளாகும். ஆனால் 1928 ஆம் ஆண்டில், ஐம்பத்தொரு வயதான ஆங்கிலேயர் ஒருவர் அதே மெட்டர்ஹோர்னில் ஏறி இறங்கிய செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்போது அச்சிகரம் நூற்றுக்கணக்கானோர் ஏறி முடித்த சிகரமாகிவிட்டது. சாதனைப் பட்டியலில் புதிதாகச் சேர்ப்பதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை. எனினும் ஏறியவருக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டிருந்தது. முதலாம் உலகப்போரில் வெடித்த ஷெல் ஒன்று அந்தக் காலைப் பறித்து அப்போது பதினொரு ஆண்டுகள் கடந்திருந்தன.

அவர் பெயர் ஜெப்ரி வின்த்ரொப் யங். கவிஞர், ஆசிரியர், கல்விச் சிந்தனையாளர், தமது தலைமுறையின் தலைசிறந்த மலையேறிகளுள் ஒருவர் எனப் பல முகங்கள் அவருக்கு உண்டு. எனினும் காயத்திற்குப் பின்னர் ஒரு மனிதன் தான் நேசித்த ஒன்றிடம் எவ்வாறு திரும்பிச் செல்கிறான் என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை தரும் விடையே அவரை இன்றும் நினைக்க வைக்கிறது. அந்த விடையை நாம் இங்கு சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

பேசக்கூடாத மலைகள்

யங் 1876 ஒக்டோபர் 25 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையார் சேர் ஜோர்ஜ் யங், பரோனெற் பட்டம் பெற்ற செல்வந்தக் குடும்பத்தவர். தேம்ஸ் நதிக்கரையில் குக்கம் என்னும் ஊரில் அவர்களுக்குப் பெரியதொரு வீடு இருந்தது. தந்தையாரும் இளமையில் மலையேறியவரே. 1865 இல் யுங்பிராவ் சிகரத்திற்குப் புதிய வழியொன்றில் ஏறியவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் அதற்கடுத்த ஆண்டில் தம் உடன்பிறந்தாருடன் மொண்ட் பிளாங்கில் ஏறியபோது தம்பியார் ஒருவர் வீழ்ந்து உயிரிழந்தார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் மலையேற்றம் பற்றிப் பேசுவதே தவிர்க்கப்பட்டது. வாயால் சொல்லக்கூடாத ஒன்றாக மலை இருந்த வீட்டிலேதான் யங் வளர்ந்தார்.

மறைக்கப்பட்ட பொருள் மீது பிள்ளைகளுக்கு ஆர்வம் பெருகுவது இயல்பு. மாள்பரோ பாடசாலையில் கற்றபின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரினிற்றிக் கல்லூரியில் சேர்ந்த யங், ஆங்கிலக் கவிதைக்கான வேந்தர் பதக்கத்தை இருமுறை வென்றார். அதே கல்லூரியில் இரவு வேளைகளில் கூரைகளின் மீதும் கோபுரங்களின் மீதும் ஏறித் திரிந்தார். அக்கூரைகளில் ஏறும் வழிகளை மலையேற்ற வழிகாட்டி நூல்களின் பாணியிலேயே விவரித்து, தம் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு சிறு நூலையும் வெளியிட்டார். கல்லூரி நிர்வாகம் அதனை விரும்பியிருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னர் ஈற்றன் கல்லூரியில் ஆசிரியராகவும் அதனைத் தொடர்ந்து பாடசாலைப் பரிசோதகராகவும் பணியாற்றினார்.

முகடுகளின் காலம்

1900 ஆம் ஆண்டிற்கும் 1914 ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலம் யங்கின் பொற்காலம் எனலாம். ஆண்டுதோறும் கோடையில் அவர் அல்ப்ஸ் மலைத்தொடருக்குச் சென்றார். வைஸ்ஹோர்ன் சிகரத்தில் 1900 இல் அவர் ஏறிய முகடு இன்றும் யங் முகடு என்றே அழைக்கப்படுகின்றது. 1905 முதல் சென் நிக்லாவுஸ் கிராமத்தைச் சேர்ந்த யோசப் குனுபெல் என்ற வழிகாட்டி அவருடைய நிரந்தரத் துணையானார். உருவத்தில் சிறியவரான குனுபெல்லும் கவிதை எழுதும் ஆங்கிலேயருமான இவ்விருவரும் ஒரே கயிற்றில் இணைந்து சாதித்தவை ஏராளம். 1906 இல் ரெஷ்ஹோர்ன் சிகரத்தின் தெற்குச் சுவரில் பனி பொழிந்துகொண்டிருந்த நாளில் அவர்களது குழு ஏறிய ஏற்றம், பல தசாப்தங்களாக வேறெவரும் திரும்பச் செய்யத் துணியாத ஒன்றாக விளங்கியது. 1911 ஆம் ஆண்டின் ஒரே கோடையில் கிராண்ட் யொராஸின் மேற்கு முகடு, மொண்ட் பிளாங்கின் புரூயார் முகடு, கிறெப்போனின் பனியாற்றுப் பக்கச் சுவர் ஆகிய மூன்றிலும் அவர்கள் புதிய வழி கண்டனர்.

சிகரங்களை விடவும் அவர் நண்பர்களையே பெரிதாக மதித்தார். வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலையடிவாரத்தில், பெனிபாஸ் என்னும் கணவாயிலுள்ள சிறு விடுதியில் ஈஸ்டர் காலத்திலும் நத்தார் காலத்திலும் அவர் நடத்திய ஒன்றுகூடல்கள் புகழ்பெற்றவை. பேராசிரியர்கள், கவிஞர்கள், மாணவர்கள், பெண்கள், பிள்ளைகள் எனப் பலரும் அங்கு வந்தனர். பகலில் பாறைகளில் ஏறுவதும் இரவில் பாடுவதும் விவாதிப்பதுமாக அந்நாட்கள் கழிந்தன. பின்னாளில் எவரெஸ்ட்டுடன் பிரிக்கவியலாதவாறு பெயர் பிணைந்துவிட்ட ஜோர்ஜ் மலரி அங்கு வந்த இளைஞர்களுள் ஒருவர். மலரியை அல்ப்ஸ் மலைகளுக்கு அழைத்துச் சென்று வளர்த்தெடுத்தவர்களுள் யங் முக்கியமானவர். 1914 இல் நடைபெற்ற மலரியின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவரும் அவரே.

அந்த நட்பு வட்டத்தின் மீது மரணத்தின் நிழல் போருக்கு முன்னரே விழத் தொடங்கிவிட்டது. கிறெப்போனில் யங்குடன் ஏறிய இரசாயனவியலாளர் ஹம்பிறி ஓவன் ஜோன்ஸ், 1912 இல் திருமணமாகிச் சில நாட்களுக்குள்ளேயே தம் இளம் மனைவியுடன் அல்ப்ஸில் வீழ்ந்து உயிரிழந்தார். மலை எதைத் தரும், எதைப் பறிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே யங் மலையேறினார் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

போரும் மனச்சாட்சியும்

1914 ஓகஸ்ட் மாதத்தில் ஐரோப்பா போருக்குள் புகுந்தது. யங் போரை வெறுத்தவர். ஆயுதம் ஏந்த அவர் மனம் ஒப்பவில்லை. ஆனால் பிறர் துன்புறும்போது வீட்டில் இருக்கவும் அவரால் முடியவில்லை. முதலில் பத்திரிகையொன்றின் போர்க்களச் செய்தியாளராகப் பெல்ஜியத்திற்கும் பிரான்சுக்கும் சென்றார். அங்கு புகையிரத நிலையங்களில் வைக்கோலின் மீது கவனிப்பாரற்றுக் கிடந்த காயமுற்ற படையினரைக் கண்டபின் பேனாவை விட வண்டியே தேவை என்ற முடிவுக்கு வந்தார். போரை மறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவினர் அமைத்த நண்பர் அம்புலன்ஸ் பிரிவின் முன்னணிப் பொறுப்பாளர்களுள் ஒருவராக இணைந்தார். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரம் ஷெல் வீச்சினால் தூள் தூளாகிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து பொதுமக்களை வெளியேற்றுவதிலும் நெருப்புக் காய்ச்சல் பரவாமல் தடுப்பதிலும் அவர் உழைத்தார்.

1915 இல் இத்தாலி போரில் இறங்கியதும், வரலாற்றாசிரியரும் தம் கேம்பிறிட்ஜ் நண்பருமான ஜி. எம். திரெவெலியனுடன் சேர்ந்து இத்தாலிக்கான பிரித்தானிய அம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றச் சென்றார். இசொன்சோ நதிப் பள்ளத்தாக்கின் செங்குத்தான மலைப்பாதைகளில் இரவு பகலாகக் காயக்காரரை ஏற்றி இறக்கும் பணி அது. மலைகளை நன்கறிந்த மனிதருக்கு மலைகளே போர்க்களமாக அமைந்தன.

இசொன்சோ முனையில் பதினோராவது பெருஞ்சமர் நடந்துகொண்டிருந்தது. 1917 ஓகஸ்ட் 31 ஆம் திகதி, கொறீசியாவுக்கு அருகிலுள்ள சன் கப்ரியேலே குன்றுப் பகுதியில் வெடித்த ஷெல் ஒன்றினால் யங் படுகாயமடைந்தார். இடது காலை முழங்காலுக்கு மேலே துண்டிப்பதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பது. சன் கப்ரியேலே கடல் மட்டத்திலிருந்து 650 மீற்றர் உயரத்தையேனும் எட்டாத ஒரு குன்று. நாலாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்கள் செய்யாததை அந்தச் சிறு குன்றின் அடிவாரத்தில் மனிதரின் போர் செய்து முடித்தது.

சில மாதங்கள் கழித்து, 1918 ஏப்ரலில் நடைபெற்ற சீபுருகே கடற்தாக்குதலில் அவருடைய தம்பி ஹில்ரன் யங் வலது கையை இழந்தார். ஒரே வீட்டின் பிள்ளைகளுள் ஒருவர் காலையும் மற்றவர் கையையும் எட்டு மாத இடைவெளியில் போருக்குக் கொடுத்தனர். கையை இழந்த ஹில்ரன் யங் பின்னர் பிரித்தானிய அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகப் பதவி வகித்தமை குறிப்பிடத்தக்கது.

ஓர் அங்குலமும் ஒரு புதுமை

காலை இழந்த மலையேறி ஒருவர் மலையை மறந்துவிடுவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவர் மறக்க முயன்றாலும் அதில் குறைகாண எவருக்கும் உரிமையில்லை. யங் வேறு விதமாகச் சிந்தித்தார். வைத்தியசாலைப் படுக்கையில் இருந்த நாட்களிலேயே, இனி எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கற்கும் வாய்ப்புத் தமக்குக் கிட்டியிருப்பதாக மலரிக்கு எழுதினார். முன்னர் சாதாரணமாகத் தோன்றிய ஒவ்வோர் அங்குல முன்னேற்றமும் இனி மகிழ்ச்சி தரும் என்பது அவருடைய எண்ணம். இதனை வெறும் துணிச்சற் பேச்சு என ஒதுக்கிவிட முடியாது. அடுத்த பதினெட்டு ஆண்டுகள் அவர் அவ்வாறே வாழ்ந்து காட்டினார்.

1918 இல் அவர் எலினோர் ஸ்லிங்ஸ்பியைத் திருமணம் செய்தார். நோர்வே மலையேற்றத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட வில்லியம் சிசில் ஸ்லிங்ஸ்பியின் மகளான அவர், தாமும் தேர்ந்த மலையேறி. பெண்களுக்கெனப் பிரித்தானியாவில் 1921 இல் தோன்றிய பினக்கிள் மலையேற்றக் கழகத்தின் முதலாவது தலைவியும் அவரே. யங்கின் இரண்டாவது மலைவாழ்வு அவரின்றி அமைந்திருக்க முடியாது. 1920 இல் யங் பதிப்பித்து வெளியிட்ட மலைத்தொழில் பற்றிய பெருநூல், பல ஆண்டுகள் மலையேறுவோரின் பாடநூலாக விளங்கியது. ஒருகாலத்தில் இரு கால்களால் கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கும் நூல் வெளிவந்தபோது, அதன் ஆசிரியர் ஒரு காலுடன் நடக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

முழங்காலுக்கு மேலே காலை இழப்பது என்றால் என்ன என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டவருக்கு மடக்கவும் நீட்டவும் ஒரு மூட்டு எஞ்சியிருக்கும். மேலே துண்டிக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை. இத்தகையவர்கள் சமதரையில் நடப்பதற்கே ஏனையோரை விட ஏறத்தாழ அரைப்பங்கோ அதற்கு மேலோ கூடுதலான சக்தியைச் செலவிடுகிறார்கள் என வைத்திய ஆய்வுகள் காட்டுகின்றன. ஏற்றத்தில் ஒவ்வொரு படியையும் நல்ல காலே எடுத்துவைக்க வேண்டும். செயற்கைக்கால் பின்னால் இழுபட்டு வந்து சேரும். பாறையில் அந்தக் காலுக்கு உணர்ச்சியில்லாததால், அது பிடித்திருக்கிறதா வழுக்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். பனியில் அது குத்தி இறங்கிவிடும். இறக்கத்திலோ உடலின் முழுப்பாரமும் துண்டிக்கப்பட்ட தொடையின் நுனியில் அதிர்ந்து விழும். தோல் உரிந்து புண்ணாகும். மலையேறுவோர் அஞ்சுவது ஏற்றத்தையே என்று வெளியில் இருப்போர் நினைப்பர். ஒற்றைக்கால் மனிதருக்கு இறக்கமே பெருந்துன்பம்.

இந்தச் சிக்கல்களை யங் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மலைக்கெனத் தனியாக ஒரு செயற்கைக்காலை வடிவமைத்தார். அதன் நுனியில் பனிக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று எனத் தரைக்கேற்ற பொருத்துகளை மாற்றிப் பூட்டக்கூடியதாக அது அமைந்தது. மனிதக் காலைப் போலத் தோன்ற வேண்டும் என்பதை விட்டு, மலையில் என்ன தேவை என்பதையே அவர் கருத்திற் கொண்டார். தமக்குப் பழக்கமான குன்றுகளில் முதலில் நடந்து பார்த்தார். பின்னர் சிறு பாறைகளில் ஏறினார். முன்னர் அரை நாளில் முடித்தவற்றிற்கு இப்போது முழு நாள் தேவைப்பட்டது. அவர் ஏற்பாடு செய்த பெனிபாஸ் ஒன்றுகூடல்களும் மீண்டும் தொடங்கின. ஆனால் முன்பு அங்கு பாடிய பலர் இப்போது இல்லை. 1914 இல் தம்முடன் கிஸ்பால்ரன்ஹோர்ன் முகட்டில் ஏறிய இளைஞர் சீக்பிரீட் ஹெர்பேர்ட் 1916 இல் பிரான்சில் கொல்லப்பட்டிருந்தார். மனைவியின் உடன்பிறந்தாரான லோரன்ஸ் ஸ்லிங்ஸ்பியும் போரில் மாண்டிருந்தார்.

1924 ஜூன் 8

யங்கின் வாழ்க்கையில் இந்நாளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தின் ஏரிகள் மாவட்ட மலையேற்றக் கழகமொன்று, போரில் மாண்ட தன் உறுப்பினர் 20 பேரின் பெயர்களைப் பொறித்த வெண்கலப் பலகையை 899 மீற்றர் உயரமான கிரேட் கேபிள் மலையின் உச்சியில் நிறுவியது. அவர்களின் நினைவாக அப்பகுதியின் உயர்ந்த மலைநிலங்களை விலைக்கு வாங்கி, எல்லா மக்களும் தடையின்றி நடந்து திரியும் பொதுச்சொத்தாக அக்கழகம் வழங்கியிருந்தது. ஹெர்பேர்ட்டின் பெயரும் ஸ்லிங்ஸ்பியின் பெயரும் அந்தப் பலகையில் உண்டு. திறப்பு நாளன்று மூடுபனிக்கும் மழைக்கும் நடுவே நூற்றுக்கணக்கானோர் மலையுச்சியில் திரண்டனர். அவர்கள் முன்னிலையில் நினைவுரை ஆற்றியவர், செயற்கைக்காலுடன் அந்த மலைக்கு ஏறிவந்த யங்.

அதே நாளில் வேறொரு மலையில் நடந்தது என்ன என்பது அங்கு கூடியிருந்த எவருக்கும் தெரியாது. எவரெஸ்ட்டின் வடகிழக்கு முகட்டில் உச்சியை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஜோர்ஜ் மலரியும் அன்ட்ரூ ஏர்வினும் கடைசியாகக் கண்ணிற்பட்டது அந்த ஜூன் 8 ஆம் திகதியே. பின்னர் அவர்கள் திரும்பி வரவில்லை. 1921 இல் முதலாவது எவரெஸ்ட் பயணத்திற்கு அழைப்பு வந்தபோது மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுச் செல்ல மலரி தயங்கினார். அவருடைய இல்லத்திற்கே சென்று பேசி, செல்லுமாறு தூண்டியவர் யங். தம்மால் இனிச் செல்ல முடியாத உயரத்திற்குத் தம் அன்புக்குரிய மாணவர் செல்ல வேண்டும் என அவர் விரும்பியதில் வியப்பில்லை. அந்த விருப்பத்தின் விலையை அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்தார் என்பதை உணர்வதற்கும் பெரிய கற்பனை தேவையில்லை. மலரியின் உடல் 1999 இல், அவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே கண்டெடுக்கப்பட்டது. அப்போது யங் இறந்து நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

மீண்டும் அல்ப்ஸ்

காலை இழந்து பத்து ஆண்டுகளின் பின்னரே யங் அல்ப்ஸின் பெருஞ்சிகரங்களுக்குத் திரும்பினார். சுவிற்சர்லாந்தின் அதியுயர்ந்த மலையான மொண்டே றோசா 4634 மீற்றர் உயரமுடையது. அதன் நெடிய பனிச்சரிவுகள் அவரது காலுக்கு முதற் பரீட்சையாக அமைந்தன. 1928 இல் மெட்டர்ஹோர்ன். 4478 மீற்றர் உயரமான அந்தக் கூர்நுனி மலை அவருக்குப் புதியதன்று. இளமையில் விரைவாக ஏறி இறங்கிய மலையே அது. அதனாலேயே அது கடினமானது. ஒவ்வொரு பாறையும் பழைய தம்மை அவருக்கு நினைவூட்டியிருக்கும்.

ஒற்றைக்கால் மனிதருக்கு அத்தகைய மலையில் கைகளே மற்றக் கால். பிடிகள் உள்ள பாறையில் தோள்வலிமையால் உடலை உயர்த்தலாம். பிடியில்லாத சரிவுகளிலும் தளர்ந்த கற்களிலுமே இடர் அதிகம். வழிகாட்டிகளும் தோழர்களும் அவரைச் சுமந்து சென்றதாக எவரும் எண்ணிவிடலாகாது. ஆனால் அவருடைய வேகத்திற்கேற்ப அவர்கள் காத்திருந்தனர். மெட்டர்ஹோர்ன் போன்ற மலையில் காத்திருப்பது சிறிய விடயமன்று. பிற்பகலில் வெயில் ஏறக் கற்கள் உருளும். இருட்டிவிட்டால் பாறையிலேயே இரவைக் கழிக்க வேண்டி நேரும். இவை அனைத்தையும் அறிந்துகொண்டே அவர்கள் அவருடன் சென்றார்கள்.

தொடர்ந்து வந்த கோடைகளில் பிரான்சின் ஷமோனிப் பகுதியிலுள்ள றெக்கின், கிறெப்போன் ஆகிய கூரிய பாறைச் சிகரங்களிலும் அவர் ஏறினார். 1911 இல் குனுபெல்லுடன் புதுவழி கண்ட அதே கிறெப்போன்தான் அது. இம்முறை அங்கு புதுவழி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பழைய வழிகள் அனைத்தும் ஒற்றைக்காலுக்குப் புதிய வழிகளாகிவிட்டன.

1935 இல் 4221 மீற்றர் உயரமான சீனல்றொட்ஹோர்ன் உச்சியை அடைந்து இறங்கும்போது அவர் தவறி வீழ்ந்தார். கயிறு அவரைக் காப்பாற்றியது. அப்போது வயது ஐம்பத்தெட்டு. அத்துடன் பெருஞ்சிகரங்களில் ஏறுவதை அவர் நிறுத்திக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் நாம் பெரிதும் மதிக்க வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று. திரும்பிச் செல்வதற்கு எத்தகைய துணிவு வேண்டுமோ, நிறுத்துவதற்கும் அத்தகைய தெளிவு வேண்டும். தாம் வீழ்ந்தால் கயிற்றில் இணைந்திருப்போரும் வீழ்வர் என்பதை அவர் அறிவார். தம் விருப்பத்திற்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்கும் எல்லை எது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஒற்றைக்காலுடன் மேற்கொண்ட ஏற்றங்களைப் பற்றி 1951 இல் ஒரு நூல் எழுதினார். அதில் தம்மை வீரனாகக் காட்டிக்கொள்ளும் முயற்சி இல்லை. வலியும் தோல்வியும் வேடிக்கையும் ஒருசேர அதில் பதிவாகியுள்ளன.

மலையிலிருந்து வகுப்பறைக்கு

யங்கின் பணி மலைகளுடன் முடிந்துவிடவில்லை. ஜேர்மனியில் சாலெம் என்னும் பாடசாலையை நடத்திய யூதக் கல்விமான் குர்ட் ஹான் அவருடைய நெருங்கிய நண்பர். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்தமைக்காக 1933 இல் ஹான் சிறைப்படுத்தப்பட்டார். பிரித்தானிய நண்பர்களின் முயற்சியால் விடுதலையாகி நாட்டைவிட்டு வெளியேறிய அவர், 1934 இல் ஸ்கொட்லாந்தில் கோர்டன்ஸ்ரவுண் பாடசாலையைத் தொடங்கினார். அதற்குத் துணைநின்றவர்களுள் யங்கும் ஒருவர். இளைஞரின் கல்வி புத்தகத்துடன் நின்றுவிடலாகாது, மலையும் கடலும் பிறருக்குதவும் பணியும் அதில் சேர வேண்டும் என்பது அவ்விருவரின் பொதுக் கொள்கை. அந்தச் சிந்தனை மரபிலிருந்தே 1941 இல் அவுட்வேட் பவுண்ட் பயிற்சிப் பாடசாலையும் 1956 இல் எடின்பரோ கோமகன் விருதுத் திட்டமும் தோன்றின. பின்னையது நமது நாட்டு இளைஞர்களுக்கும் அறிமுகமான திட்டமாகும்.

1941 இல் யங் உலகின் மிகப் பழைய மலையேற்றக் கழகமான அல்பைன் கழகத்தின் தலைவரானார். மலையேற்றம் வசதிபடைத்த சிலரின் பொழுதுபோக்காக இருந்துவிடலாகாது எனக் கருதிய அவர், நாடெங்கும் சிதறிக்கிடந்த கழகங்களை ஒன்றிணைக்க முன்னின்றார். 1944 இல் பிரித்தானிய மலையேற்றப் பேரவை உருவானது. 1958 செப்டெம்பரில், எண்பத்தொரு வயதில் அவர் காலமானார். வாழ்வின் பாதியை இரு கால்களுடனும் மறுபாதியை ஒரு காலுடனும் வாழ்ந்து முடித்திருந்தார்.

நாம் எண்ண வேண்டியது

இத்தகைய வரலாறுகளைப் படிக்கும்போது இரு தவறுகள் நேர்வதுண்டு. ஒன்று, இவர் அசாதாரணமானவர், நமக்கும் இவருக்கும் தொடர்பில்லை என ஒதுக்கிவிடுவது. மற்றையது, இவரால் முடிந்தது ஏன் உன்னால் முடியாது என உடற்குறையுடையோரைப் பார்த்துக் கேட்பது. இரண்டாவது தவறு முன்னதை விடக் கொடியது. யங்கிற்குச் செல்வமிருந்தது, கல்வியிருந்தது, புரிந்துகொண்ட மனைவியிருந்தார், அவருடைய தேவைக்கேற்பச் செயற்கைக்காலைச் செய்து தரக்கூடிய கைவினைஞர்கள் இருந்தனர். அதே போரில் காலையிழந்த ஆயிரக்கணக்கான ஏழைப் படையினருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய மனவுறுதியைப் போற்றுகின்ற நாம், அந்த மனவுறுதிக்கு ஊன்றுகோலாய் நின்றவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

போரினாலும் கண்ணிவெடிகளாலும் கைகால்களை இழந்தோர் நம் நாட்டிலும் ஏராளமாக வாழ்கின்றனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எல்லாச் சமூகங்களிலும் அவர்கள் இருக்கின்றனர். 2009 இல் ஆயுதங்கள் மௌனித்தபின் பிறந்த பிள்ளைகள் இன்று உயர்வகுப்புகளுக்கு வந்துவிட்டனர். ஆனால் காலையிழந்த தந்தைக்கும் தாய்க்கும் போர் முடிந்துவிடவில்லை. செயற்கைக்கால் ஒருமுறை கொடுத்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே உள்ளது. அது தேய்வதும், உடல் மாறுவதால் பொருந்தாமற் போவதும், புண் உண்டாக்குவதும் கொடுத்தவர்களின் நினைவுக்கு வருவதில்லை. வயலில் இறங்கும் விவசாயிக்கும், கரைவலை இழுக்கும் மீனவருக்கும், நாள் முழுவதும் நின்று கற்பிக்கும் ஆசிரியைக்கும் ஒரே வகைக் கால் பொருந்துமா என்பதும் கேட்கப்படுவதில்லை. பனிக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று என யங் பொருத்துகளை மாற்றிப் பூட்டியதன் பொருள் இங்கேதான் விளங்குகின்றது.

உடற்குறையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இல் நமது நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எனினும் எத்தனையோ அலுவலகங்களின் வாசற்படிகள் இன்னும் அவர்களுக்கு மலைகளாகவே உள்ளன. அந்தப் படிகளில் ஏறுவதற்கு அவர்களிடம் யங்கின் வீரத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. மெட்டர்ஹோர்னில் அவருடைய மெதுவான நடைக்காகக் காத்திருந்த தோழர்களின் பொறுமையையே இச்சமூகம் முதலில் கற்க வேண்டும். பேருந்தில் ஏறச் சற்றுத் தாமதிக்கும் ஒருவருக்காகச் சாரதி காத்திருப்பதிலும், படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் அமைப்பதிலும் அது தொடங்கலாம்.